‘காலி டின் தானே...’ ஸ்பிரே பெயின்ட் டின்னை பட்டறையில் எப்படி வைப்பது, முடிந்ததும் எங்கே போடுவது?

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் பேராவூரணி பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் ஒரு சத்தம் கேட்கும். டின்னைக் குலுக்கும் ‘கடகட’ சத்தம். லேத்துக்குப் பச்சை, வெல்டிங் மெஷினுக்கு நீலம், டூவீலர் டேங்க் கீறலுக்குக் கறுப்பு, மோட்டார் பம்ப்செட்டுக்கு சில்வர் என்று வருஷம் முழுக்க ஒத்திப்போட்ட பெயின்ட் வேலை அந்த ஒரு வாரத்தில் நடக்கும். சம்பா அறுவடைக்கு முன்னால் பெல்ட் டைப் அறுவடை இயந்திரங்களுக்கும், கடலுக்குப் போகுமுன் மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கப் படகுகளின் இன்ஜினுக்கும் இதே கதைதான். கம்ப்ரஸர் வேண்டாம், தின்னர் கலக்க வேண்டாம், பிரஷ் கழுவ வேண்டாம். குலுக்கு, அடி, முடிந்தது.

முடிந்த பிறகு அந்த டின் எங்கே போகிறது? பெரும்பாலும் பட்டறை மூலையில் கிடக்கும். அப்புறம் குப்பையோடு சேர்ந்து எரியும், அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகும், இல்லையென்றால் வாய்க்கால் ஓரம். “காலி டின் தானே, அதுல என்ன இருக்கு?” என்பதுதான் வழக்கமான பதில். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

சப்போரோவில் நடந்தது

2018 டிசம்பர் 16, ஞாயிறு இரவு எட்டரை மணி. ஜப்பானின் வட கோடியில் உள்ள சப்போரோ நகரம். வீட்டு வாடகை, மனை விற்பனை பார்க்கும் ஒரு சின்ன அலுவலகம். கடையைப் புதுப்பிக்கப் போவதால் ஸ்டாக்கில் தேங்கிக் கிடந்த துர்நாற்றம் நீக்கும் ஸ்பிரே டின்களைக் காலி செய்ய முடிவு செய்கிறார்கள். சுமார் 120 டின். வெளியே பனிக்காலம், உள்ளே உட்கார்ந்தே ஒவ்வொன்றாக அழுத்தி வாயுவை வெளியேற்றுகிறார்கள். வேலை முடிந்ததும் கை கழுவ வெந்நீர் ஹீட்டரைப் பற்றவைக்கிறார்கள்.

கட்டடம் இடிந்து விழுந்தது. பக்கத்திலேயே இருந்த உணவகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் உட்பட 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். உயிரிழப்பு இல்லை என்பது ஆச்சரியம்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கே யாரும் டின்னைத் தீயில் போடவில்லை, ஆணி வைத்து அடிக்கவும் இல்லை. அவர்கள் நினைப்பில் செய்தது ‘பாதுகாப்பாக காலி செய்யும்’ வேலை. அதை மூடிய அறைக்குள் செய்ததுதான் கட்டடத்தையே சாய்த்தது.

நம் நாட்டிலும் இதன் தம்பி மாதிரி ஒரு சம்பவம் உண்டு. 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டம் நாலாசோபாராவில், ஒரு வீட்டுக்குள் வாசனைத் திரவிய பாட்டில்களின் காலாவதி தேதியை மாற்றும் முயற்சியில் வெடிப்பு ஏற்பட்டு 4 பேர் காயமடைந்தார்கள். பெயின்ட், பெர்ஃப்யூம், கொசு ஸ்பிரே என்று லேபிள் எதுவாக இருந்தாலும் உள்ளிருந்து தள்ளும் வாயு பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த வாயு என்ன?

உங்கள் வீட்டு சமையல் சிலிண்டரில் இருப்பதேதான். புரொப்பேன், பியூட்டேன் கலவை. சிலவற்றில் டைமெத்தில் ஈதர் என்ற இன்னொரு எரிவாயு. டின்னுக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் வாயுவாகி, பெயின்ட்டையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். பெயின்ட்டைக் கரைத்து வைத்திருக்கும் அசிட்டோன், டொலுவின், சைலீன் போன்ற கரைப்பான்களும் எரியக்கூடியவையே. ஆக டின்னுக்குள் எரியாத பொருள் என்று தேடினால், அந்தக் ‘கடகட’ குண்டுதான் மிஞ்சும்.

சிலிண்டருக்கும் இதற்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. வீட்டு சிலிண்டர் கசிந்தால் நாற்றம் அடிக்கும். அது வாயுவின் சொந்த வாசனை இல்லை. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஸ்பிரே டின்னுக்குப் பயன்படுத்தும் வாயு வாசனை நீக்கப்பட்டது. பெர்ஃப்யூமில் கேஸ் நாற்றம் அடித்தால் யார் வாங்குவார்கள்? அதனால் டின்னிலிருந்து வாயு மட்டும் கசியும்போது மூக்கு நமக்கு எந்த எச்சரிக்கையும் தராது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு டின்னில் 100 கிராம் உந்துவாயு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது வெளியே வந்து விரிந்தால் சுமார் 40 லிட்டர் வாயு. காற்றில் இந்த வாயு ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதாவது ஒரு டின் வாயு, 2,000 லிட்டர் காற்றைத் தீப்பிடிக்கும் கலவையாக மாற்றப் போதும். 200 லிட்டர் டீசல் பேரல் பத்து. சரி, ‘காலி’ டின்? பெயின்ட் தீர்ந்த பிறகு உள்ளே 5 கிராம் வாயு மிச்சம் என்று வைத்தாலும் அது 100 லிட்டர் காற்றுக்குப் போதும். பாதி பேரல். முகத்துக்கு நேரே பாதி பேரல் பற்றினால் புருவம் மட்டும் கருகாது.

இன்னொன்று, இந்த வாயு காற்றைவிட எடை கூடியது. மேலே போய்க் கலைந்துவிடாது; தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடும். லாரி, டிராக்டருக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் சர்வீஸ் குழி, தரையோடு ஒட்டிய கழிவுநீர்ச் சால், கல்லாவுக்குக் கீழே உள்ள இடுக்கு எல்லாம் அது தங்குமிடம். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்ற தைரியம் இங்கே செல்லாது. ஷட்டரை அடிவரை தூக்கி, தரை மட்டத்தில் காற்று ஓட வேண்டும்.

பட்டறையில் எது ஆபத்தான ஜோடி?

ஸ்பிரேயும் வெல்டிங்கும். கிரில், கேட் போடும் பட்டறைகளில் ஒருவர் முன்பக்கம் பிரைமர் அடிப்பார், ஐந்து அடி தள்ளி இன்னொருவர் கிரைண்டர் பிடிப்பார். வெல்டிங், அறுப்பு வேலை நடக்கும் இடத்திலிருந்து எரியும் பொருள்களை சுமார் 35 அடிக்கு விலக்கி வைக்க வேண்டும் என்பது உலக அளவில் பின்பற்றப்படும் தீப்பாதுகாப்பு நடைமுறை. நம்ம ஊர்ப் பட்டறையின் மொத்த நீளமே அவ்வளவு இருக்காது. அப்போது ஒரே வழி நேரத்தைப் பிரிப்பதுதான். வெல்டிங் முழுக்க முடிந்து, இரும்பு ஆறிய பிறகு பெயின்ட். பெயின்ட் காய்ந்து வாடை போன பிறகுதான் மறுபடி கிரைண்டர். வேலை தாமதமாகும்தான். ஆனால் பகலில் பற்றவைப்பு, கடை மூடும் முன் வாசலில் வைத்து ஸ்பிரே என்று மாற்றிக்கொண்டால் ஒரு நாள்கூட வீணாகாது.

ஆயுத பூஜை வாரத்துக்கென்று தனியாக ஒரு எச்சரிக்கை தேவை. முந்தின இரவு வரை ஸ்பிரே அடித்து, டின்களை மெஷின் பக்கத்திலேயே அடுக்கிவிட்டு, மறுநாள் அதே மெஷினுக்கு முன்னால் சூடம் ஏற்றுகிறோம். பத்தி, அகல் விளக்கு, ஆரத்தித் தட்டு, அதைச் சுற்றிக் குழந்தைகள். பூஜைக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுப் பெயின்ட் வேலையை முடித்துவிட்டு, டின்களை அந்த அறையிலிருந்தே வெளியேற்றிவிடுவது நல்லது. சாமி கோபித்துக்கொள்ளாது.

வெயிலில் வைத்தால் வெடிக்குமா?

டின் மேல் ‘50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதீர்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். டேஷ்போர்டு இன்னும் சூடாகும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள மேல் தட்டும், வெயிலில் நிற்கும் பைக்கின் சீட்டுக்கு அடியும் அதே ரகம். வெப்பம் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும். அறை வெப்பத்தில் இருப்பதைவிட 50 டிகிரியில் அழுத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நல்ல டின் அதைத் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் அடிப்பாகம் துருப்பிடித்த, நசுங்கிய, உப்புக் காற்றில் இரண்டு வருஷம் கிடந்த டின்னுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. நம்முடையது கடலோரப் பகுதி என்பதை மறக்க வேண்டாம்.

தீக்குள் மாட்டிய டின் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 1982 ஜூன் 21-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பெரும் சில்லறை நிறுவனத்தின் கிடங்கில் நடந்த தீ விபத்து பாடமாகச் சொல்லப்படுகிறது. கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்பிரே டின் பெட்டி ஒன்று விழுந்து, அங்கிருந்து பற்றியது. எரியும் டின்கள் ராக்கெட் மாதிரி பறந்து அடுத்தடுத்த பகுதிகளுக்குத் தீயைக் கொண்டுபோயின. பல லட்சம் சதுர அடிக் கிடங்கு முழுசாகப் போனது. ஸ்பிரே சரக்கைக் கம்பி வலைக் கூண்டுக்குள் பூட்டி வைக்க வேண்டும் என்ற பழக்கத்துக்கு அழுத்தம் தந்தது இந்த மாதிரி விபத்துகள்தான். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க: தின்னர் கேன், ஸ்பிரே டின், தீபாவளிப் பட்டாசு மூன்றும் ஒரே பரணில் இருந்தால், அது பரண் இல்லை.

கைக்குட்டை போதாதா?

போதாது. இதில் நம்மவர்களிடம் இருக்கும் குழப்பம் பெரிது. ஸ்பிரே அடிக்கும்போது இரண்டு விஷயம் காற்றில் வருகிறது. ஒன்று பெயின்ட் துளி, இன்னொன்று கரைப்பானின் ஆவி. துணியும் கொரோனா காலத்து சர்ஜிக்கல் மாஸ்க்கும் துளியில் கொஞ்சத்தைத் தடுக்கலாம். என்-95 துளியை நன்றாகவே தடுக்கும். ஆனால் ஆவி மூன்றையும் கடந்து நேரே நுரையீரலுக்குப் போகும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், ‘லேசா போதை மாதிரி’ என்று பெயின்ட் அடிக்கும் பையன்கள் சொல்வது இந்த ஆவியின் வேலை. அதற்குக் கரித்தூள் கேட்ரிட்ஜ் பொருத்திய அரைமுகக் கவசம் தேவை. கடையில் ‘ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ்’ என்று கேளுங்கள். மாஸ்க் போட்டும் வாடை அடிக்கிறது என்றால், ஒன்று அது முகத்தில் சரியாக உட்காரவில்லை, இல்லை கேட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது. தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தினமும் இதே வேலை பார்ப்பவர்களுக்கு விஷயம் தலைவலியோடு நிற்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பெயின்டர் தொழிலில் ஏற்படும் தொடர் வெளிப்பாட்டையே ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்’ முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வருஷத்துக்கு நாலு டின் அடிக்கும் வீட்டுக்காரர் இதைப் படித்துப் பயப்பட வேண்டியதில்லை. வருஷம் முழுக்க டிங்கரிங் பட்டறையில் நிற்கும் 20 வயதுப் பையனுக்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

கார் பாலிஷுக்கு வரும் ‘டூ-கே’ கிளியர் ஸ்பிரே மட்டும் தனி ரகம். அடியில் உள்ள பொத்தானைக் குத்தி ஹார்டனரைக் கலந்து அடிப்பது. அதில் ஐசோசயனேட் இருக்கும்; ஒருமுறை உடம்பு ஒவ்வாமைக்குப் பழகிவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் கவசம் இல்லாமல் அதைத் தொடாமல் இருப்பதே உத்தமம்.

இன்னொரு தகவல். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் 2016-ம் ஆண்டு விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அது வீட்டு, அலங்காரப் பெயின்ட்டுக்கானது. மெஷினுக்கு அடிக்கும் தொழிற்சாலை ரக மஞ்சள், சிவப்புக்கு அந்த வரம்பு பொருந்தாது. அதனால் மெஷினுக்கு வாங்கின டின்னில் மிச்சத்தை வைத்துக் குழந்தையின் சைக்கிளுக்கோ, மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கோ அடிக்காதீர்கள்.

சரி, முடிந்த டின்னை என்ன செய்வது?

முதலில் செய்யக் கூடாதவை. ஆணியால் குத்தி வாயுவை விடுவது, சுத்தியலால் நசுக்குவது, குண்டை எடுப்பதற்காகப் பையன்கள் பிளேடு போட்டு அறுப்பது, இலைதழைக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துவது. நான்குக்கும் காரணம் மேலே போட்ட பாதி பேரல் கணக்கு. வெளிநாட்டில் டின்னைத் துளைக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அமெரிக்கா 2019 டிசம்பரில் கொண்டுவந்த விதிப்படி, வாயுவையும் மிச்ச பெயின்ட்டையும் பிடித்து அடைக்கும் பிரத்யேகக் கருவியில், பயிற்சி பெற்றவர்கள்தான் துளைக்கலாம். ஆணியும் சுத்தியலும் அந்தக் கருவி ஆகாது.

பழைய இரும்புக் கடை விஷயத்தில் யோசியுங்கள். ஒரு காலி டின் 100 கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ஒரு கிலோ சேர்க்கப் பத்து டின்னாவது வேண்டும். அதில் நமக்கு வருவது ஒரு டீ காசு. அங்கே டின்னைத் தட்டையாக்கக் குனிந்து சுத்தியல் பிடிப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. காஸ் கட்டர் எரியும் இடமும் அதுதான். பேரூராட்சிக் குப்பை வண்டியில் மற்ற குப்பைக்கு நடுவே ஒளித்துப் போட்டால், வெறும் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அதே நிலையில்.

வாய்க்கால் இன்னும் மோசம். பேராவூரணி கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேலே யார் எதைப் போட்டாலும் கடைசியில் வந்து தேங்குவது நம் வயலிலும் ஏரியிலும்தான். தண்ணீர் வரவில்லை என்று போராடும் ஊர், வருகிற தண்ணீரில் தானே தின்னர் கலப்பதில் அர்த்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலிருந்து வரும் பெயின்ட் டின்களை ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று தனியாகப் பிரித்து, அவற்றை வாங்கிக்கொள்ள 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சொன்னது. பட்டறை வீடு இல்லை. அதற்கு அதே 2016-ல் வந்த அபாயக் கழிவு விதிகள் பேசுகின்றன. ரசாயனம் ஒட்டிய காலிக் கலன்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவரிடம்தான் தர வேண்டும்.

எழுத்தில் சரி. மாதம் ஐந்து டின் காலி செய்யும் பட்டறைக்காரர், சுமார் 400 கி.மீ. தள்ளி கும்மிடிப்பூண்டியில் இருக்கும் அபாயக் கழிவு மையத்துக்கு எப்படி அனுப்புவார்? தனி ஆளாக முடியாது என்பதுதான் நேர்மையான பதில். பெரிய ஆலைக்கு எழுதிய விதியில் சின்னப் பட்டறைக்கு வழி விடவில்லை என்பது நம் கருத்து. பேட்டரிக்கும் டயருக்கும் தயாரித்தவரே பொறுப்பு என்று 2022-ல் விதி வந்த மாதிரி, விற்ற கடையே காலி டின்னைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு வந்தால் பாதிப் பிரச்னை தீரும். அதுவரை நடைமுறையில் முடிகிறது இதுதான்:

டின்னை முடிந்தவரை முழுசாகப் பயன்படுத்துங்கள். மிச்சம் இருந்தால் திறந்த வெளியில், நெருப்பு எதுவும் இல்லாத இடத்தில், பழைய அட்டை மேல் அடித்துத் தீர்க்கலாம். ஒரே ஒரு டின், ஒரு நேரத்தில். சப்போரோவை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டை நன்றாகக் காய்ந்த பிறகே குப்பைக்குப் போக வேண்டும். டின்னை மூடியோடு, நிழலில், காற்றோட்டமான தனிப் பெட்டியில் சேருங்கள். மேலே தமிழில் ‘ஸ்பிரே டின் – நசுக்காதே, எரிக்காதே’ என்று எழுதுங்கள். தெருவில் உள்ள பட்டறைகளும் ஹார்டுவேர் கடைகளும் சேர்ந்து ஒரே இடத்தில் சேர்த்தால், பேரூராட்சியிடமோ அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடமோ பேச ஒரு அளவு கிடைக்கும். வர்த்தக சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும். பேரூராட்சி ஆட்களிடம் தரும்போது தனிப் பையில், வாய்விட்டுச் சொல்லித் தாருங்கள்.

டின் எண்ணிக்கையையே குறைக்கலாம் என்பதும் உண்டு. கீறலுக்கும் சின்ன உதிரி பாகத்துக்கும் ஸ்பிரே சௌகரியம். முழு கேட்டுக்கும் அறுவடை இயந்திரத்தின் பாடிக்கும் பத்து டின் அடிப்பது காசுக்கும் கேடு, மூச்சுக்கும் கேடு. அங்கே பிரஷ்ஷும் ரோலரும் போதும். பாதி டின் அடைத்துக்கொண்டு வீணாவதைத் தவிர்க்க, அடித்து முடித்ததும் தலைகீழாகப் பிடித்து இரண்டு மூன்று நொடி அழுத்துங்கள். நிறமில்லாத வாயு மட்டும் வந்தால் முனை சுத்தம். அடைத்த முனையைக் கழற்றித் தின்னரில் ஊறப்போடலாம். டின்னில் செருகியபடியே ஊசியால் குத்தக் கூடாது.

வெளியூர் போகிறவர்களுக்கு ஒரு வரி. ரயிலில் எரியும் பொருள் கொண்டுபோவது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டம் 164-வது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். திருச்சியில் விமானம் ஏறினால் ஸ்பிரே பெயின்ட் கைப்பையிலும் போகாது, செக்-இன் பெட்டியிலும் போகாது.

டின் கசிகிறது, ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்கிறது என்றால் சுவிட்சைத் தொடாதீர்கள். லைட், ஃபேனைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். முடிந்தால் டின்னை வெளியே நிழலான திறந்த வெளியில் வைத்துவிட்டு ஆட்களை விலக்குங்கள். கையில் திரவம் பட்டால் உறைந்து கொப்பளிக்கும், கையுறையோடு எடுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம். யாராவது மயங்கினால் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுவந்து 108. டின்கள் அடுக்கிய இடத்தில் தீ பற்றிவிட்டால் வாளியோடு உள்ளே ஓட வேண்டாம், டின் பறக்கும். எல்லோரும் வெளியே வந்து, தள்ளி நின்று 101 அல்லது 112-ஐ அழைத்து, உள்ளே ஸ்பிரே டின் இருக்கிறது, வெல்டிங் சிலிண்டர் எத்தனை இருக்கிறது என்பதைத் தீயணைப்பு வீரர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.